ஆணிப்பலகையில் தொங்கிய கையெழுத்துகள்

எழிலரசி நாற்பத்தொரு பேருடைய கையெழுத்தைத் தானே போடுகிறாள், ஒருத்தர் டெண்டர் ரேட்டை இன்னொருத்தருக்குச் சொல்லியும் விடுகிறாள் என்ற பேச்சு பொம்மிடி ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் பிறந்தது. அங்கிருந்து ஒரு மேஸ்திரியின் மச்சான் வழியாக மஸ்கட் போய், அங்கே வேலை பார்க்கும் அவள் தம்பி ரஞ்சித்குமார் காதில் விழுந்து, வாட்ஸ்அப் அழைப்பில் அவளிடமே திரும்பி வந்தது. டீக்கடைக்கும் அவள் கடைக்கும் நடுவில் இருப்பது ஒரு சாக்கடை மட்டும்தான்.

"அக்கா, போலீஸ் கீலீஸ் வந்துடப் போவுது. எனக்கு இங்க சோறு எறங்கல."

"யாருடா உனக்குச் சொன்னது?"

"சொன்னவனுக்கே யாரோ சொன்னாங்களாம்."

பாதி பொய், பாதி நிஜம். அதுதான் சங்கடம். ரேட்டை அவள் யாருக்கும் சொன்னதில்லை. கையெழுத்து விஷயம் மட்டும் அப்படியே உண்மை.

எழிலரசி தன் கடையில் சுற்றுவட்டாரக் கான்ட்ராக்டர்களுக்கு ஆன்லைனில் டெண்டர் போட்டுத் தருவாள். அதற்கு ஆளுக்கொரு டோக்கன் வேண்டும். பார்க்கப் பென்டிரைவ் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது அவருடைய டிஜிட்டல் கையெழுத்து. கணினியில் செருகி, அவருக்கு மட்டுமே தெரிந்த பின் நம்பரை அடித்தால், அவரே நேரில் வந்து கையெழுத்துப் போட்டதற்குச் சமம். போட்ட ரேட்டைக் கணினி பூட்டி அனுப்பும். அதிகாரிகள் தங்கள் டோக்கனைச் செருகித் திறக்கிற நாள்வரை வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. உலகத்தில் பெரிய பெரிய மூளைக்காரர்கள் உட்கார்ந்து கட்டிய பூட்டு அது. பொம்மிடியில் அது மரப்பலகையில் அடித்த நாற்பத்தொரு ஆணிகளில் தொங்கியது. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு டேப், அதில் பெயர், பெயருக்குக் கீழே பின் நம்பர்.

இத்தனைக்கும் அவள் விவரமில்லாதவள் அல்ல. ஒருநாள் கணினிக்குள்ளே இருந்த பொத்தான் பேட்டரி செத்து, தேதி பதினைந்து வருஷம் பின்னால் போய்விட்டது. "இந்தத் தளத்தின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று திரை சிவப்பாக மறித்தது. பிறக்காத பிள்ளையின் கையெழுத்தை எப்படி நம்புவது என்று அது கேட்டது நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து காலையில் சாமி படத்துக்கு முன்னால் கணினிக் கடிகாரத்தைத்தான் பார்ப்பாள்.

தம்பியின் அழைப்புக்கு மறுநாள் பலகையைக் காலி செய்தாள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, பின் நம்பரை மாற்றிக்கொண்டு டோக்கனை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னாள்.

"ஏம்மா, நாங்க உன்ன நம்பலயா? எதுக்குத் திருப்பித் தர?" என்று கேட்ட கான்ட்ராக்டர் ராஜப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது.

"நம்பறீங்க, அதான் பயமா இருக்குதுங்க."

கோபித்துக்கொண்டு போன ராஜப்பன் டோக்கனைப் பூஜையறையில் வைத்தார். ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் இட்டார். கணினியில் செருகும் வாயிலேயே இட்டார். "பொட்டு நெத்தில வெப்பாங்க, வாயில யாருங்க வெப்பாங்க?" என்று, அடுத்த டெண்டருக்கு அவர் அதைக் கொண்டுவந்தபோது எழிலரசி பல்குச்சியால் சுரண்டிச் சுத்தம் செய்து தந்தாள். அவர் அதை வாங்காமல் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போனார். சின்னராஜ் மூன்றாம் நாளே பின் நம்பரை மறந்து, "நீயே ஒண்ணு வெச்சிக்கம்மா, எனக்குச் சொல்ல வேணாம்" என்றார். இரண்டு மாதத்தில் நாற்பது டோக்கனும் ஆணிக்குத் திரும்பின. ரகசியம் என்றால் எழிலரசிக்கு மட்டும் தெரிந்தது என்று ஊர் ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டது.

வராதது மாரப்பனுடையது மட்டும்.

மாரப்பன் பத்து வருஷமாகச் சின்னராஜுக்குக் கீழே மேஸ்திரி. இந்த வருஷம்தான் தன் பெயரில் லைசென்ஸ் எடுத்து, சித்தேரி மலைச் சாலையில் ஒரு சிறுபாலத்துக்கு முதல் டெண்டர் போட இருந்தார். அவள் சொன்னதை அப்படியே கேட்ட ஒரே மனிதர். பின் நம்பர் மாற்றிய அன்று, தோள் துண்டை எடுத்துக் கீபோர்டை மூடி, அதற்குள் கையை விட்டு ஒற்றை விரலால் அடித்தார். கீபோர்டை மூடினாரே தவிர வாயை மூடவில்லை. ஒவ்வொரு எண்ணையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். எட்டு எண்ணும் எழிலரசிக்குக் கேட்டன. அவர் முகம் கோணிப் போகுமே என்று கேளாதவள் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் தப்பு. அப்போதே "அண்ணா, காதுல விழுந்துடுச்சி, வேற வெய்யுங்க" என்று சொல்லியிருக்கலாம்.

டெண்டர் முடிகிற நாள் வந்தது. மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள். ரேட் கசியும் என்ற பயத்தில் எல்லோரும் கடைசி மணியில்தான் போடுவார்கள். அந்தப் பயமில்லாத சின்னராஜும் அதே பாலத்துக்குப் போட்டிருந்தார். காலையிலேயே போனில் ரேட்டைச் சொல்லிவிட்டார். அவர் டோக்கனை ஆணியிலிருந்து எடுத்து, டேப்பில் இருந்த பின் நம்பரைப் பார்த்து அடித்து, அனுப்பியாகிவிட்டது. அன்றைக்கென்று பார்த்து மலையில் கான்கிரீட் போடும் வேலையை வைத்து, மாரப்பனைக் கலவை மிஷின் பக்கத்தைவிட்டு நகராதபடியும் செய்திருந்தார்.

இரண்டரைக்கு மாரப்பனின் மனைவி தெரசா வந்தாள். சித்தேரியிலிருந்து அரூர் வந்து, பஸ் மாறி வந்திருந்தாள். டிபன் பாக்ஸுக்குள் டோக்கனும், சோற்றுப் பருக்கையால் ஒட்டிய கவரில் ரேட்டும் இருந்தன.

"பின் நம்பருங்க?"

"எனக்கெங்க தெரியும்? பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்களாம். போன்ல உங்ககிட்டயே சொல்றன்னாரு."

போன் போட்டார்கள். ரிங் போனது, எடுக்கவில்லை. மறுபடியும். மிஷின் சத்தத்தில் சட்டைப்பையில் அடிக்கிற போன் எங்கே கேட்கும்? சட்டையே ஏதாவது மரக்கிளையில் தொங்கும்.

இரண்டு நாற்பது. உள்ளே நுழைந்து எல்லாம் ஏற்றிப் பூட்டி அனுப்பப் பத்து நிமிஷமாவது வேண்டும்.

"ஏங்க, உங்களுக்குத் தெரியாததா? எல்லாரு கையெழுத்தும் நீங்கதான போடறீங்கன்னு ஊரே சொல்லுது" என்றாள் தெரசா. குத்தலாக அல்ல, கோயில் பூசாரியிடம் வழி கேட்பது போல.

எழிலரசி டோக்கனைக் கையில் எடுத்தாள். காதில் விழுந்த எட்டு எண்ணையும் அடித்துவிட்டால், சொல்லாத பின் நம்பரையும் அறிந்தவள் என்று பேச்சு நிஜமாகிவிடும். அடிக்காவிட்டால், சின்னராஜுக்காக மாரப்பனைக் கவிழ்த்தாள் என்று நாளைக்கே மஸ்கட் போகும். பேர் எப்படியும் கெடப் போகிறது. ஒரு வழியில் மட்டும் மாரப்பனுக்குப் பாலம் மிஞ்சும்.

"விடாம போட்டுக்கிட்டே இருங்க. ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள்.

டோக்கனைச் செருகினாள். கட்டம் திறந்தது. இரண்டு மாதமாகத் தெரியாது என்று நடித்த எண்களை ஒவ்வொன்றாக அடித்தாள். ஏழாவதில் விரல் நின்றது. அவர் எடுத்து "அலோ" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எண்ணைக்கூடச் சொல்ல வேண்டாம். "போடட்டுங்களாண்ணா?" என்று கேட்டுவிடலாம்.

திரையின் மூலையில் இரண்டு நாற்பத்தொன்பது. கடிகாரம் சரியாக இருந்தது, காலையில்தான் பார்த்தாள்.

எட்டாவது எண்ணின் மேல் விரல் இருந்தது. தெரசாவின் உள்ளங்கையில் ரிங் போய்க்கொண்டே இருந்தது.