பிள்ளைகள் சண்டை போடாத இரண்டு நாள்: அரியலூரிலிருந்து காரை வரை

ஓவியாவும் கவினும் இரட்டைப் பிள்ளைகள். பதினேழு வயது. சார்ஜர் யாருடையது, ஜன்னல் சீட் யாருக்கு, ஃபேனை எத்தனையில் வைப்பது என்று எழுந்ததிலிருந்து படுக்கும் வரை சண்டைதான். அப்படிப்பட்ட இருவரும் பிளஸ் டூ பரீட்சை முடிந்து சில நாளில், சாப்பாட்டு நேரத்தில், ஒரே குரலாக "அரியலூர், பெரம்பலூர் பக்கம் போலாம்" என்றார்கள். போன வருடம் கொடைக்கானலுக்கே கெஞ்சித்தான் கூட்டிப்போனோம். ஏப்ரல் கடைசி வெயிலில் அரியலூரா?

"அங்க என்ன இருக்கு?" என்றேன்.

"கங்கைகொண்ட சோழபுரம் இருக்கு. கல்மரம் இருக்கு. மியூசியம் இருக்கு" என்று ஒப்பித்தான் கவின். மியூசியம் என்ற சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவள். காரணம் தெரியாமல் ஒன்று நடந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது ஓவியா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். "அவங்களுக்குத் தெரியாது. நேர்ல பாத்ததும் பேசிக்கலாம்." என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டாள். யாரென்று கேட்டேன். "ஃப்ரெண்டு." எந்த ஃப்ரெண்டு? "உனக்குத் தெரியாதும்மா."

எங்கள் திட்டம் இதுதான்: இருவரையும் சென்னையிலேயே ஒரே இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்த்துவிடுவது. கவின் கூடவே இருந்தால் ஓவியாவைப் பற்றிக் கவலை இல்லை. அந்தத் திட்டத்துக்கு நடுவே முகம் தெரியாத யாரோ ஒருவன் வந்து நிற்பதாக எனக்குப் பட்டது. கவினுக்கு எல்லாம் தெரியும் என்பதுதான் அதைவிட எரிச்சல். பயணத்தை நிறுத்திவிடலாமா என்று கணவரிடம் கேட்டேன். "வேணாம். போவோம். யாருன்னு நேர்லயே தெரியட்டும்" என்றார். இப்படித்தான் ஊர் சுற்றக் கிளம்பினோம்.

தாம்பரத்தில் காலை ரயில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் அரியலூர். ஸ்டேஷனுக்கு வெளியே கார் பேசினோம், டீசலோடு சேர்த்து ஒரு நாளைக்கு மூவாயிரம். ஓட்டுநர் ராஜேந்திரன், உடையார்பாளையத்துக்காரர். வண்டி நகர்ந்ததுமே கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடி, "நெலம் பாக்க வந்தீங்களா சார்?" என்றார்.

"இல்லங்க. சுத்திப் பாக்கத்தான்."

"இந்த வெயில்லயா?" அவர் நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. சுண்ணாம்புக்கல் இருக்கும் பூமி. வெளியூர்க்காரர் வந்து மண்ணைக் குனிந்து பார்த்தாலே யாருடைய நிலத்துக்கோ விலை பேச வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்களாம். மனதுக்குள் அவரோடு ஒத்துப்போனேன். நானும் இதே கேள்வியோடுதானே வந்திருக்கிறேன்.

முதலில் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம். அரியலூரிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர். இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்பதற்கான கல்லெல்லாம் அங்கே இருக்கிறது. அரை மணி நேரம் போதும் என்று நினைத்தோம், ஓவியா ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. கவின் கல்லைப் பார்க்கவே இல்லை. எங்கள் இருவர் முகத்தையும்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க ஊருப் பக்கம் டைனோசர் முட்டைன்னாங்க, அப்புறம் அது வேற கல்லுன்னாங்க. எதை நம்புறதுன்னே தெரியலக்கா" என்றார் ராஜேந்திரன். அன்று எனக்கு இருந்த மனநிலைக்கு அவர் பேச்சு இதமாக இருந்தது.

ஜெயங்கொண்டத்தில் சாப்பிட்டுவிட்டு நான்கரை மணிக்கு கங்கைகொண்ட சோழபுரம் போனோம். வெயில் இறங்கும் நேரம் கோபுரம் தேன் நிறத்தில் நின்றது. புல்வெளியில் உட்கார்ந்து ரசித்திருக்க வேண்டிய நேரத்தில், தூரத்தில் ஃபோனும் கையுமாக நடந்த மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவள் நேராக ராஜேந்திரனிடம் போனாள். "அண்ணா, நாளைக்கு சாத்தனூர் கல்மரம் முடிச்சிட்டு காரைங்கிற ஊருக்குப் போக எவ்ளோ நேரம் ஆகும்?"

"காரையா? அங்க கோயிலு கொளம் ஒண்ணும் கெடையாதே பாப்பா. வெறும் ஓடை. மனுச நடமாட்டமே இருக்காது."

கணவர் என்னைப் பார்த்தார். கவின் சட்டென்று, "ஃபோட்டோ நல்லா வரும்ப்பா" என்றான். தங்கைக்குப் பரிந்து அவன் பேசியதை வைத்தே விஷயம் பெரிது என்று முடிவுகட்டினேன்.

மறுநாள் காலை ஆறரைக்கே அரியலூர் லாட்ஜைக் காலிசெய்தோம். சாத்தனூர் கல்மரத்துக்கு முக்கால் மணி நேரப் பயணம். மரமாக இருந்து கோடிக்கணக்கான வருடங்களில் கல்லாகிப் படுத்திருக்கிறது, பதினெட்டு மீட்டர் நீளம். பட்டையின் வரி வரை அப்படியே இருக்கிறது. அங்கிருந்து காரை பத்து கிலோமீட்டருக்குள்தான். ஊரைத் தாண்டியதும் பூமியின் நிறம் மாறிவிடுகிறது. செம்மண்ணும் வெளிர்மஞ்சளுமாகக் களிமண் மேடுகள், மழை அறுத்துவிட்ட ஓடைகள், பெயருக்கு ஒரு மரம்கூட இல்லை. எட்டரை மணிக்கே காலடியில் அனல்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி எங்களைப் பார்த்ததும் கம்பை ஊன்றி நின்றுவிட்டாள். "யாருங்க நீங்க? பொதையலு கிதையலு தோண்ட வந்தீங்களா?" இல்லை என்றதும், "அப்ப இங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள். மகளைப் பார்த்தேன். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பைக் வந்து எங்கள் காருக்குப் பின்னால் நின்றது. ஹெல்மெட்டோடு இறங்கிய ஆள் காருக்குப் பின்பக்கம் போய் என்னவோ செய்துவிட்டு, ராஜேந்திரனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, ஓடையில் இறங்கி வந்தான். ஓவியா கையசைத்தாள். கணவர் இரண்டு எட்டு முன்னால் போய் அவளுக்குக் குறுக்கே நின்றார். அந்த ஆள் ஹெல்மெட்டைக் கழற்றினான். பின்னல் விழுந்தது. ஒரு பெண். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது இருக்கும்.

அப்போதும் என் புத்தி ஓயவில்லை. அப்படியானால் இது கவின் விவகாரமா என்று அவன் பக்கம் திரும்பினேன்.

"வணக்கம் ஆன்ட்டி. நான் ஸ்டெல்லா, வரதராஜன்பேட்டை. திருச்சியில ஜியாலஜி ஃபைனல் இயர். ஓவியாவோட ஃப்ரெண்டு." என்றாள் அவள். ஸ்டெல்லா கற்களைப் பற்றி வீடியோ போடுவாளாம். அதைப் பார்த்துக் கேள்வி கேட்கப்போய் ஒரு வருடமாகப் பழக்கம்.

அப்பாவைச் சுற்றிக்கொண்டு ஓவியா முன்னால் வந்தாள். "நான் ஜியாலஜி படிக்கணும்மா. திருச்சியில, ஹாஸ்டல்ல. வீட்ல சொன்னா கேக்கவே மாட்டீங்க. இங்க கூட்டிட்டு வந்து காட்டினா ஒருவேளை..."

"கவின் இல்லாம தனியாவா?" என்றார் கணவர்.

"அதைத்தாம்ப்பா நானும் சொல்ல வந்தேன்" என்றான் கவின். "நாலு வருஷம் அவ எங்க போறா, யார்கூடப் பேசுறான்னு நான் பாத்துட்டு இருக்கணுமா? எனக்கும் ஒரு காலேஜ் வேணும்ல? அவளும் பாவம், நானும் பாவம்."

வீட்டில் இதைச் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன். அங்கே வெட்டவெளியில், ஆட்டுக்காரப் பெண் வேறு பார்த்துக்கொண்டிருக்க, வாய் வரவில்லை. கணவர் ஸ்டெல்லாவிடம் திரும்பினார். குரலில் கோபம். "நீ தனியாத்தான் வந்தியா? இந்தப் பொட்டல்ல? பயம் இல்லையா உனக்கு?"

"இருக்கு அங்கிள். தனியா ஓடையில எறங்கவே மாட்டேன். இன்னைக்கும் உங்க கார் நம்பரை போட்டோ எடுத்து எங்கப்பாவுக்கு அனுப்பிட்டு, டிரைவர் அண்ணன்கிட்ட யாரு வந்துருக்கீங்கன்னு கேட்டுட்டுத்தான் எறங்கினேன். நீங்க யாருன்னு எனக்கும் தெரியாதுல்ல?"

காருக்குப் பின்னால் அவள் செய்தது அதுதான். நாங்கள் அவளைச் சந்தேகப்பட்ட அதே நிமிடம் அவளும் எங்களைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். கணவரின் முகம் தளர்ந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஓவியாவிடம் திரும்பி, "நீயும் இந்த மாதிரி அனுப்புவியா?" என்றார். "அனுப்புறேம்ப்பா" என்றாள். சரி என்று அவர் சொல்லவில்லை. ஆனால் காருக்கும் திரும்பவில்லை.

அதன்பின் ஒரு மணி நேரம் ஓவியா எனக்கு அந்த ஓடையைக் காட்டினாள். விரல் நுனி போன்ற ஒரு கல்லைத் தொடாமல் சுட்டி, "நம்ம வாங்குற கணவா மீன் மாதிரி ஒரு உயிர்மா. அதோட உடம்புக்குள்ள இருந்தது இது" என்றாள். வீட்டில் ஒரு கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்பவள் மூச்சுவிடாமல் பேசினாள். அந்தக் குரலை நான் எத்தனையோ மாதமாகக் கேட்கவே இல்லை.

பெரம்பலூரில் மதியச் சாப்பாடு, பிறகு சென்னைக்கு பஸ். அடுத்த மாதம் கணவர் யாரிடமும் சொல்லாமல் திருச்சிக்கு இரண்டு முறை போய் ஹாஸ்டலையும், பஸ் நிறுத்தத்திலிருந்து அதற்கு எவ்வளவு தூரம் என்பதையும் பார்த்துவிட்டு வந்தார். இரண்டாவது முறை வந்தபோதுதான் சரி என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர், ஜனவரி நல்லது. காரையில் நிழலும் இல்லை, கடையும் இல்லை, கழிப்பறையும் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஷூ, தொப்பி கட்டாயம். மழை பெய்திருந்தால் இறங்காதீர்கள், களிமண் சரியும். ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். கல்லை எடுத்து வராதீர்கள். அருங்காட்சியகத்தின் விடுமுறை நாளை விசாரித்துக்கொள்ளுங்கள். வளர்ந்த பிள்ளைகளோடு போனால், பேச வேண்டியதைக் காரில் பேசாதீர்கள், இறங்கி நடக்கும்போது பேசுங்கள். எங்களுக்கு அதுதான் ஒத்துவந்தது.

ஓவியாவை ஹாஸ்டலில் விட்ட அன்று நானும் கணவரும் அழுதுவிடுவோம் என்று பயந்துகொண்டே போனோம். நாங்கள் தாங்கிக்கொண்டோம். கவின்தான் கேட்டுக்கு வெளியே புளிய மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கூப்பிடக் கூப்பிட வெகுநேரம் திரும்பவே இல்லை.