தானாகச் சுத்தமாகும் அவன்

எங்கள் வீட்டில் கேக் சுடும் அடுப்பை 'அவன்' என்றுதான் சொன்னோம். எழுதும்போது நான் 'ஓவன்' என்று எழுதினால் மகள் சிரிப்பாள். "யாருப்பா இப்படிச் சொல்றா?" என்பாள். அதனால் மந்தைவெளியில் நாங்கள் இருந்த முதல் மாடி வீட்டில் நாள் முழுக்க, "அவன் சூடாயிட்டானா?", "அவனை அணைச்சாச்சா?" என்றே பேச்சு ஓடும். வெளியார் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்பட்டேன். நான் கவலைப்படாத விஷயங்கள் குறைவு.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மகள் தி. நகரில் புகுந்த வீட்டை விட்டு எங்களிடம் வந்திருந்தாள். மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் கை நீளும். ஆறு வருஷம் பொறுத்தவள் ஏழாவது வருஷம் வந்துவிட்டாள். அன்று அவளைக் கட்டிக்கொண்டு அழுத என் மனைவியே, வாரத்துக்கு மூன்று தடவையாவது, "அவர் தானா சரியாயிடுவார்டி, கொஞ்சம் விட்டுப்பிடி" என்றும் சொன்னாள். மகளோ முட்டை போடாத கேக் செய்து விற்றுத் தன் காலில் நிற்பது என்று தீர்மானித்திருந்தாள். அது நடந்தால் அவள் திரும்பிப் போகவேண்டாம். நடக்காவிட்டால் அம்மாவின் பேச்சுக்குப் பலம் கூடிவிடும். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

பெசன்ட் நகரிலிருந்து ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அந்த அவனை விற்றுவிட்டுப் போனார்கள். நாலு ஆட்கள் மாடிப்படியில் தூக்கிவந்ததில் சுவரில் இரண்டு இடத்தில் காரை பெயர்ந்தது. கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்சுவரில் பளபளப்பே இல்லை. உப்புத்தாள் மாதிரிச் சொரசொரவென்று, சாம்பல் நிறத்தில் வெள்ளைப் பொட்டுகளோடு இருந்தது.

"எத்தனை வருஷத்து அழுக்கோ!" என்றாள் மனைவி.

"அழுக்கில்லைம்மா," என்றாள் மகள். "அது ஒரு பூச்சு. தெறிக்கிற வெண்ணெயெல்லாம் அந்தப் பூச்சுல பட்டுச் சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமா எரிஞ்சு போயிடும். அவன் தானா சுத்தமாயிண்டே இருப்பான். நாம தேய்க்கவே கூடாது. தேய்ச்சாப் பூச்சு போயிடும், அப்புறம் சாதாரண இரும்புப் பெட்டிதான்."

தோசைக்கல்லின் அடிப்பக்கத்தைக்கூடத் தேய்த்துப் பளபளக்க வைப்பவள் என் மனைவி. அவளுக்கு இது ஏமாற்று வேலையாகப் பட்டது. நானும் முழுக்க நம்பவில்லை. இடது சுவரில் வெண்ணெய்ப் புள்ளிகள் பதினொன்று என்று எண்ணி வைத்திருந்தேன். ஒரு வாரம் கேக் வெந்த பிறகு ஏழுதான் இருந்தன. அவளிடம் சொன்னேன்.

"கண்ணாடி போட்டுண்டு எண்ணினேளா?" என்றாள்.

ஒருநாள், தேய்க்கத்தானே கூடாது, துடைக்கலாமே என்று என் பழைய வேஷ்டித் துண்டை நனைத்து அவள் உள்ளே துடைத்தாள். அந்தச் சொரசொரப்பில் நூல் பிசிறெல்லாம் ஒட்டிக்கொண்டு, சுவர் பூசணம் பிடித்த ரொட்டி மாதிரி ஆகிவிட்டது. மகள் ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. மெத்தென்ற பிரஷ்ஷால் பிசிறுகளை எடுத்துவிட்டு, அம்மாவின் கையில் ஒரு ஸ்பாஞ்சைக் கொடுத்தாள்.

அந்தப் பூச்சுக்கு ஒன்று மட்டும் ஆகாது, சர்க்கரை. வெண்ணெயை எரிக்கும், பாகு பொங்கினால் ஒன்றும் செய்யாது. உடனே துடைக்காவிட்டால் கரியாக இறுகிவிடும். அன்னாசி கேக் செய்த ஒரு நாள் பாகு வழிந்ததை மகள் கவனிக்கவில்லை. மறுநாள் பார்த்தால் அடித்தட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. அன்று சாயங்காலம் கீழ்வீட்டு மாமி வருவதாக இருந்தாள். பேரனின் முதல் பிறந்தநாளுக்கு அறுபது பேருக்குக் கேக். மகளுக்கு அதுதான் முதல் பெரிய ஆர்டர். மாமி எதையும் திறந்து பார்க்காமல் விடமாட்டாள்.

மகள் வெண்ணெய் வாங்க மயிலாப்பூர் போயிருந்தாள். அடுப்படியில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மனைவி இரும்பு நாரோடு அவன் முன்னால் மண்டி போட்டிருந்தாள்.

"அவனைத் தொடாதே!" என்று கத்தினேன்.

"தொடத்தான் போறேன். மூஞ்சியெல்லாம் கரியைப் பூசிண்டு நிக்கற அழகைப் பாருங்கோ!"

"அவன் தானா சரியாயிடுவான்னு அவ சொன்னாளா இல்லையா?"

"எத்தனை நாளைக்குப் பார்த்துண்டிருக்கறது? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!"

"மாமி..." என்று ஒரு குரல். திறந்திருந்த வாசல் கதவில் கீழ்வீட்டு மாமி நின்றிருந்தாள். "மாப்பிள்ளை வந்திருக்காரா? நான் அப்புறமா வரேன்."

மாமி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என்ன இருந்தாலும் மாப்பிள்ளையை அவன் இவன்னு சொல்லலாமா, மாமி? போகப் போகத் தானா சரியாயிடுவார். எங்காத்து மாமாவும் முன்னே அப்படித்தான், கையை ஓங்கிண்டு வருவார்."

அவள் பின்னால் வெண்ணெய்ப் பையோடு மகள் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருப்பாள். அழுதுவிடுவாள் என்று பயந்தேன். சிரித்தாள்.

"உள்ளே வாங்கோ, மாமி. மாப்பிள்ளையைக் காட்டறேன்."

அடுப்படிக்கு அழைத்துப் போய்க் கதவைத் திறந்து காட்டினாள். அம்மாவின் கையிலிருந்த இரும்பு நாரை வாங்கி அப்பால் வைத்தாள்.

"இதுவா அவன்? உள்ளே இப்படிக் கரியா இருக்கே!" மாமி மூக்கைச் சுளித்தாள்.

"நேத்து பொங்கின சர்க்கரை, மாமி. சூடு ஆறினதுமே துடைச்சிருக்கணும், விட்டுட்டேன்." ஸ்பாஞ்சை வெந்நீரில் முக்கிக் கரியின் மேல் வைத்தாள். "மத்ததெல்லாம் தானா போயிடும். அதுக்குன்னு உள்ளே ஒரு பூச்சு இருக்கு." யாரையும் பார்க்காமல் ஸ்பாஞ்சை அழுத்திக்கொண்டே சொன்னாள். "அந்தப் பூச்சு உள்ளே இல்லேன்னா, எத்தனை வருஷம் காத்திண்டிருந்தாலும் நமக்குச் சூடுதான் மிச்சம்."

மாமி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எங்காத்து மாமாவும் மாறலை. எனக்குத்தான் பழகிப் போயிடுத்து."

என் மனைவி அவளை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள் என்றுதான் சொல்லமுடியும், அந்த ஒரு முறை நான் எண்ணவில்லை. பிறகு மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "எவ்வளவு நேரம் ஊறணும்?" என்று கேட்டாள். கரி இளகியதும் மரக்கரண்டியால் பட்டும் படாமலும் நெம்பினாள். இரண்டு துண்டாகப் பெயர்ந்து வந்தது. அடியில் அந்தச் சாம்பல் பூச்சு அப்படியே இருந்தது.

மாமி ஆர்டர் கொடுத்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று என் மனைவியிடம் கிசுகிசுத்தாள்: "தீபாவளிக்குப் பேத்தி வரா. அப்பவும் கேக் வேணும். அதுக்குள்ளே இவ தி. நகருக்குப் போயிட மாட்டாளே?"

"போக மாட்டா, மாமி. இங்கேதான் இருப்பா."

அடுப்படியில் இருந்த மகளுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தித்தான் சொன்னாள்.