ஏழாம் கதவும் என் குற்றச்சாட்டும்

எதிரணியின் பொய்யை முதல் வாக்கியத்திலேயே பிடித்துவிடுபவன் என்ற பெருமை மெல்பேர்ண் தமிழ் விவாத மேடைகளில் எனக்கு உண்டு. அந்தப் பெருமையால் ஒரு நல்ல தோழியை இழக்கவிருந்தேன்.

நானும் என் அணித்தோழி யாழினியும் ஒரே புதிர் விளையாட்டை அவரவர் வீட்டில் ஆடிவந்தோம். பூட்டிய கதவுகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். ஏழாம் கதவில் நான் மூன்று நாள் திணறினேன். பத்தே நிமிடத்தில் திறந்துவிட்டதாக அவள் செய்தி அனுப்பினாள். விடையை இணையத்தில் பார்த்திருக்கிறாள் என்று ஐயுற்றேன். செய்தியோடு வந்த சிரிப்புப் பொம்மையையும் சான்றாகக் கொண்டேன். ரோவில் புறநகரில் நடந்த இறுதிப்போட்டிக்கான விவாதப் பயிற்சியில், அணியினர் முன்னிலையில், அவள் ஏமாற்றி ஆடினாள் என்று வாதங்களை அடுக்கினேன்.

"ஓம், நான் அளாப்பி எண்டே வச்சுக்கொள். அளாப்பியோட ஏன் ஃபைனலுக்கு வாறாய்? நான் விலகிறன்," என்று எழுந்தாள். வாசலில் திரும்பி, "அந்தக் கதவுக்குப் பின்னால மணி எத்தினை தரம் அடிச்சது, சொல்லு பாப்பம்?" என்றாள்.

"எந்த மணி?"

"சத்தத்தை நிப்பாட்டிப்போட்டோ விளையாடினனீ?"

அணி முழுவதும் சிரித்தது. ஆடும்போதே என் உரையை உரக்க ஒத்திகை பார்ப்பதற்காக ஒலியை அணைத்து வைப்பவன் நான். விடை அந்த மணியோசையில்தான் இருந்தது.

அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். யாழினி அணியில் நீடித்தாள். இப்போது ஐயம் எழுந்தால், வாதத்தை அடுக்குமுன், "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று உரியவரிடம் தனியாகக் கேட்கிறேன். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடுவதில்லை. அதுதான் எனக்கு இன்னும் கடினமாக இருக்கிறது.