அக்கா சொன்னதும் நான் சொன்னதும்

எங்கள் அக்கா பரந்தனில் பிறந்தார். போரால் இடம்பெயர்ந்த ஊர்களிலெல்லாம் விடாமல் படித்தார். திருமணமாகிப் பாரிசுக்கு வந்து, லா கூர்னெவ்வில் அத்தானோடு குடும்பம் நடத்தினார். சென்ற ஆண்டு புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது.

அவருடைய நற்குணங்களை உறவினர் பலர் இந்நினைவு மலரில் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத வேண்டியது வேறொன்று. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிப் பந்தியில் யாரோ கதைத்ததைக் கேட்டுவிட்டு, அக்காவின் ஒரே மகள் என்னிடம் வந்தாள். கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா தன்னைத் தூக்கவே மாட்டாராமே, உண்மையா என்று பிரெஞ்சில் கேட்டாள். அவளுக்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் மருமகளான அவள் பிறந்த மூன்றாம் வாரம் மருத்துவிச்சி வீட்டுக்கு வந்தார். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். உணவகச் சமையலறையில் பொறுக்கிய பிரெஞ்சோடு நான்தான் மொழிபெயர்ப்பாளர். தாய் எப்படி இருக்கிறார் என்று அவர் கேட்டார். அக்கா சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"பிள்ளையைத் தூக்கப் பயமாக் கிடக்கடா. கை விட்டிடுவனோ எண்டு பயம். உயிரோடை இருந்தென்னத்துக்கு எண்டு கிடக்கு. இதை அப்பிடியே சொல்லு."

கொஞ்சம் களைப்பு, மற்றப்படி நலம் என்று நான் சொன்னேன். மருத்துவிச்சி எழுதிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவு பிரெஞ்சு அக்காவுக்கும் விளங்கும்.

"களைப்பெண்டோ சொன்னனி?" என்றார். அதன்பின் குழந்தைக்கு எட்டு மாதமாகும்வரை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால் அரசாங்கம் பிள்ளையை எடுத்துவிடும் என்று எங்கள் ஆட்கள் கதைக்கக் கேட்டிருந்தேன். அக்காவின் அழுகையைத் தம்பி வாயால் சொல்ல வெட்கமும்தான். மற்றவர்கள் பத்தியக் கறி வைத்தார்கள், ரூ பஜோல் கோயில் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார்கள். எபினேயிலிருந்து கிழமைக்கு மூன்று தரம் சமைத்துக் கொண்டுவந்த பெரியம்மா, "சண்டை நேரம் பங்கருக்குள்ளை பெத்ததுகளே இப்பிடி அழேல்லை. உனக்கென்ன குறை?" என்பார்.

எட்டாம் மாதம் குழந்தைக்கு ஊசி போடப் போனோம். தாதி என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண்ணைத் தொலைபேசியில் பிடித்தார். கதவைத் தாண்டி அக்காவின் அழுகை கேட்டது. பிள்ளைப்பேற்றின் பின் வரும் மனச்சோர்வு, மாற்றக்கூடிய நோய் என்றார்கள். யாரும் பிள்ளையை எடுக்கவில்லை. மருந்தும் பேச்சுமாக ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. "ஓடித் திரியிற பிள்ளையை இனி எங்கை தூக்கிறது" என்று அக்கா ஒருநாள் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

பின்னாளில் எவர் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அக்கா தாயின் பக்கத்தில்தான் போய் இருப்பார். "உங்கடை பிரெஞ்சு இஞ்சை வேண்டாம், போய்த் தேத்தண்ணி போடுங்கோ" என்று ஆண்களைக் கலைத்துவிடுவார்.

அந்தத் தாதிக்கும், முகம் தெரியாத அந்தத் தொலைபேசிப் பெண்ணுக்கும், பெரியம்மாவுக்கும், கடைசி நோயில் அக்காவைத் தாங்கிய உங்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி.

மருமகளே, அம்மா உன்னைத் தூக்கவில்லை என்பது உண்மை. அந்த எட்டு மாதமும் உன் தொட்டிலடியை விட்டு அவர் எழும்பவும் இல்லை. சாப்பாட்டுத் தட்டை அங்கேதான் கொண்டுபோய்க் கொடுப்போம்.