காயலான் கடையில் வாங்கிய கை மிஷின்

நாங்கள் காக்களூரில் குடியிருக்கிறோம். கரண்ட் போனால் உதவுமே என்று, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கத்துக் காயலான் கடையில், கைப்பிடியைச் சுற்றி அரைக்கும் பழைய இரும்பு மிஷின் ஒன்று வாங்கினேன். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, மிளகு சீரகம் அரைத்து ரசம் வைத்தேன்.

சாப்பிட்ட அரை மணி நேரத்தில் என் கணவர் வாந்தியெடுத்தார். அடுத்து என் ஆறு வயது மகள். நான் அதுவரை சாப்பிடவில்லை. பதறிப்போய் இருவரையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "புதுசா என்ன சாப்பிட்டாங்க?" என்று டாக்டர் கேட்டபோதுதான் மிஷின் நினைவு வந்தது. கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"ஐயோ, அத்தயாம்மா சமையலுக்கு வெச்சிக்கினு இருக்க? பெயிண்ட் கம்பெனில கலர் பவுடர் அரைச்சதும்மா அது! இன்னாத்துக்கு வாங்குறேன்னு நீ சொல்லவே இல்லியே!"

உண்மைதான். நான் விலையை மட்டும்தான் கேட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் அதற்கேற்ற சிகிச்சை கொடுத்தார். மூன்றாம் நாள் இருவரும் வீடு திரும்பினார்கள். ஆனாலும் கலர் பவுடரில் இருந்த ஈயம் ரத்தத்தில் தங்கியிருக்கிறதா என்று பார்க்க, மகளுக்கு மாதாமாதம் ரத்தப் பரிசோதனை நடக்கிறது. ஒவ்வொரு முறையும் ரிசல்ட் வரும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இப்போதெல்லாம் எந்தப் பழைய பாத்திரத்தைப் பார்த்தாலும், "இதுல முன்னாடி என்ன பண்ணாங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன். பதில் தெரியாத பொருள் என் சமையலறைக்குள் வருவதில்லை.