அறுபத்திரண்டாவது வீடு

ஆட்டுக்கார மூப்பர் (1941–2019). ஞானஸ்நானப் பதிவேட்டில் அவருக்கு வேறொரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் அவர் இரண்டாம் முறைதான் திரும்பிப் பார்ப்பார் என்பதால், சபையார் அந்த முயற்சியைக் கைவிட்டிருந்தனர்.

கால்நடைக் கல்லூரியின் பண்ணையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் அவர் செம்மறிகளைப் பராமரித்தார். பட்டியில் இருநூற்றுப் பன்னிரண்டு தாய் ஆடுகள். ஆடுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றவர்கள் அங்கே பலர் இருந்தனர். எந்த ஆடு தீவனத்தை விழுங்காமல் வாயிலேயே அடக்கி வைத்திருக்கிறது என்று அறிந்தவர் அவர் ஒருவரே.

மாலையில் பட்டி அடையும்போது இரட்டைக் கதவில் ஒன்றை மட்டும் திறப்பார். ஆடுகள் ஒவ்வொன்றாகத்தான் நுழைய முடியும். நுழையும் ஒவ்வொன்றின் முதுகிலும் கை வைத்து எண்ணுவார். முண்டியடித்துக்கொண்டு முதலில் வருவதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. கடைசியில் வருவதைத்தான் பார்ப்பார். ஆடு தன் நோயை மறைக்கும் பிராணி. கால் அழுகியிருந்தாலும் நேராக நடக்கப் பார்க்கும். பசி செத்துப்போயிருந்தாலும் தொட்டியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும். மந்தையில் தள்ளாடுவது எதுவோ அதைத்தான் ஓநாய் குறிவைக்கும் என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2001இல் ஓய்வு பெற்றார். 2003இல் மூப்பராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சபையின் ஆறு மூப்பர்களில் வீடு சந்திக்கும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. மற்ற ஐவருக்கும் நேரம் இல்லை என்பதே அதற்குக் காரணம் எனக் கூட்டக் குறிப்பில் உள்ளது. பட்டியலில் அறுபத்தொரு வீடுகள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் செல்ல வேண்டும். அதைச் செய்வதற்கென்றே தாம் முப்பத்தெட்டு ஆண்டுகள் பயிற்சி பெற்றதாக அவர் கருதினார். சிக்கல் அங்கேதான் தொடங்கிற்று.

அவருடைய ஜெபம் நான்கு வரிக்கு மேல் போகாது. அதற்கு முன்னால் கேட்கும் கேள்விகள்தாம் நீளமானவை. சாப்பாடு இறங்குகிறதா, தூக்கம் வருகிறதா, யாரோடாவது பேச்சு இல்லையா என்று வரிசையாகக் கேட்பார். உள்ளே நுழையுமுன் வாசலில் கிடக்கும் செருப்புகளைக் குனிந்து பார்ப்பார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டில் ஒரு செருப்பைக் கையிலேயே எடுத்துவிட்டார்.

“இடது செருப்பு ஓரமாவே தேஞ்சிருக்கே. இடுப்பு வலிக்குதா?”

“மூப்பரே, நீங்க ஜெபம் பண்ண வந்தீங்களா, லாடம் அடிக்க வந்தீங்களா?”

“ஜெபம் அப்புறம். வலிக்குதா, இல்லையா?”

வலித்தது. மூன்று மாதத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. மூப்பர் சொன்னது சரியாகப் போனதைக் கடைக்காரர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

பள்ளி ஆசிரியை ஒருவரிடம் தெரு வாசலில் நின்றபடியே, “ரெண்டு வாரமா பெஞ்சு மாத்தி உக்காந்திருக்கீங்களேம்மா. அக்காகூட சண்டையா?” என்று கேட்டார்.

“இதையெல்லாமா பாப்பீங்க?” என்றார் ஆசிரியை.

“மந்தையில எடம் மாறினா காரணம் இருக்கும்மா.”

காரணம் இருந்தது. அது தெருவுக்கே தெரிந்துபோனதில் ஆசிரியைக்கு மகிழ்ச்சி இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக எண்ணிக்கை விவகாரம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஆலயத்தின் இரட்டைக் கதவில் ஒன்றைச் சாத்திவிட்டு, மற்றதன் அருகே நிற்பார். சபையார் ஒவ்வொருவராக நெருக்கிக்கொண்டு வெளியேறும்போது கைகுலுக்கி எண்ணுவார். அனைவரும் போன பிறகும் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் எண்ணிக்கையைச் சொல்வார். சபைச் செயலரோ ஓய்வுபெற்ற நில அளவையாளர். ஆராதனை நடக்கும்போதே கடைசி பெஞ்சிலிருந்து தம்மையும் சேர்த்துத் தலைகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதுவார். செயலர் எண்பத்துமூன்று என்றால் மூப்பர் எண்பத்துநான்கு என்பார். செயலர் எழுபது என்றால் மூப்பர் எழுபத்தொன்று. ஆறு ஆண்டுகளில் இருவரும் ஒரு வாரம்கூட ஒத்துப்போனதில்லை. மூப்பருக்கு வயதாகிவிட்டது என்று செயலர் முடிவுகட்டினார். இருவருக்கும் ஒரே வயது.

2011 செப்டம்பரில் போதகர் நான்கு ஞாயிறுகள் தொடர்ந்து நல்ல மேய்ப்பனைப் பற்றிப் பிரசங்கித்தார். நாமெல்லாரும் ஆடுகள் என்றார். சபையார் உருகிப்போய்க் கேட்டனர். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். ஐந்தாம் ஞாயிறு வருமுன், ஒன்பது பேர் கையொப்பமிட்ட கடிதம் ஒன்று செயலரிடம் வந்துசேர்ந்தது. ஆட்டுக்கார மூப்பர் தங்களை ஆடுகளைப்போல நடத்துகிறார் என்பதே புகார். முதல் கையொப்பம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருடையது.

மூப்பர் குழு அக்டோபர் 15, சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடுவதாக அறிவிக்கப்பட்டது. அன்று காலை மூப்பர் சட்டைப் பொத்தானை ஒரு துளை தவறிப் போட்டுக்கொண்டு நின்றார். அதை அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டார் அவர் மனைவி.

“ஏங்க, அந்த வேலைய எடுத்துட்டா என்ன பண்ணப்போறீங்க?”

“தெரியல.”

“எனக்குத் தெரியும். நாள் முழுக்க வீட்ல உக்காந்து என்னைப் பாத்துக்கிட்டு இருப்பீங்க. நான் எத்தன தடவ இருமினேன்னு எண்ணுவீங்க. அந்தக் கொடுமை எனக்கு வேணாம். போய் மன்னிப்பு கேட்டு வேலையைக் காப்பாத்திக்கிட்டு வாங்க.”

“எதுக்கு மன்னிப்பு?”

“எதுக்காவது கேளுங்க. உங்களுக்கா பஞ்சம்?”

அவர் குடையை எடுத்துக்கொண்டார். பண்ணையை விட்டு வந்தபோதுகூட அவருக்குப் பொத்தான் தவறியதில்லை என்பதை இருவரும் அறிந்திருந்தனர். அந்த அறுபத்தொரு வீடுகளை எடுத்துவிட்டால் அவரிடம் மிஞ்சுவது ஓய்வூதியமும் ஒரு குடையும்தான்.

ஆலயத்தின் பக்கத்து அறையில் மேசையைச் சுற்றி ஆறு மூப்பர்களும் போதகரும் அமர்ந்தனர். மூப்பர்களில் ஒருவரான செயலர் கடிதத்தை ஏற்ற இறக்கமின்றி வாசித்தார். பிறகு தம் பதிவேட்டைத் திறந்தார்.

“நான் தனிப்பட்ட முறையில பேசல. ஆதாரத்தோட பேசறேன். ஆறு வருஷக் கணக்கு இது. ஒரு வாரம்கூட மூப்பரோட எண்ணிக்கை சரியா இல்ல. எப்பப் பாத்தாலும் ஒண்ணு கூடுது. வந்தவங்களையே எண்ணத் தெரியாதவர் வராதவங்களை எப்படிக் கவனிப்பாரு?”

“நீங்க ஒருத்தரை விட்டுடறீங்க, சார்” என்றார் மூப்பர்.

“என்னையும் சேத்துத்தான் எண்றேன். உங்களையும் சேத்துத்தான் எண்றேன். யாரை விட்டேன்?”

“ஐயாவை.”

அறையில் இருந்த அனைவரும் மேசையின் தலைப்பக்கத்தில் இருந்த போதகரைப் பார்த்தனர். அவர் பேனா மூடியைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“பாஸ்டரை எதுக்கு எண்றது? அவர் மேய்ப்பர். நாமதான் மந்தை” என்றார் செயலர்.

“அவருக்கும் மேல ஒருத்தர் இருக்காரே, சார். அவர் எண்ணும்போது ஐயாவும் உள்ளதானே வருவாரு? ஐயா பின்பக்கக் கதவால போறவரு. அந்தக் கதவு சாத்துற சத்தம் கேட்ட பிறகுதான் நான் எண்ணிக்கையை முடிப்பேன்.”

செயலர் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். அளவையாளர் என்ற முறையில் அவர் எதையும் சரிபார்க்காமல் ஒப்புக்கொள்வதில்லை. சரிபார்த்தபின் பதிவேட்டை மூடினார்.

மூப்பர் அங்கேயே நிறுத்தியிருந்தால் வேலை தப்பியிருக்கும் என்று பின்னர் அவர் மனைவி கருத்துத் தெரிவித்தார். அவர் நிறுத்தவில்லை.

“இன்னொண்ணும் சொல்லணும். மாசாமாசம் சபை விருந்துல ஐயா எல்லாருக்கும் பரிமாறுறாரு. கையில தட்டு இருக்கு. அவரு தட்டுல இருக்கறது கொறையறதே இல்ல. இடுப்பு பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்காரு. ரெண்டும் கத்தியால குத்தினது. இந்த அறுபத்தொரு வீட்டுல ஐயா வீடு இல்ல. அம்மா தவறிப்போய் ரெண்டு வருஷம் ஆச்சு. நாம யாரு அங்க போனோம்?”

போதகரின் மனைவி இறந்த வாரத்தில் அனைவரும் போயிருந்தனர். அதன்பின் யாரும் போகவில்லை. ஆறுதல் சொல்வது போதகரின் பணி என்பதால், அந்தப் பொறுப்பையும் அவரிடமே விட்டிருந்தனர்.

“நான் நல்லாத்தான் இருக்கேன், மூப்பரே” என்றார் போதகர்.

“எல்லா ஆடும் அப்படித்தான் நிக்கும், ஐயா.”

யாரும் சிரிக்கவில்லை. போதகர் எழுந்து, வாக்கெடுப்பை நடத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். கூட்டம் முடியும்வரை திரும்பவில்லை. ஆட்டுக்கார மூப்பர் நீங்கலாக ஐவர் வாக்களித்தனர். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அறுபத்தொரு வீடுகளும் அவரிடமிருந்து எடுக்கப்பட்டு, மூவர் கொண்ட துணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டன. பட்டியலில் இல்லாத வீட்டை எடுக்க விதியில் இடம் இல்லை என்று செயலர் தாமாகவே குறிப்பில் சேர்த்தார். ஆகவே மூப்பருக்கு ஒரு வீடு மிஞ்சியது.

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு அவர் அந்த வீட்டின் கதவைத் தட்டினார். போதகர் திறந்தார். சமையலறையில் ஒரே ஒரு கோப்பை கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் புத்தகங்கள் அடுக்கப்பட்டிருந்தன, சாப்பிடுவதற்கு இடமில்லை.

“தூக்கம் வருதா, ஐயா?”

போதகர் மேசையிலிருந்த புத்தகம் ஒன்றைத் தேவையில்லாமல் நேராக்கி வைத்தார். “இந்த ஏப்ரல்ல இருந்து இல்ல. பிரசங்க மேடையில நின்னா ஜெபம் வருது, மூப்பரே. வீட்டுக்கு வந்து தனியா முழங்கால் போட்டா ஒரு வார்த்தை வரல. நாலு பேருக்குச் சொல்றவனுக்கே இப்படின்னா யார்கிட்ட போய்ச் சொல்றது? வருஷக் கடைசியில ஊழியத்தை விட்டுடலாம்னு இருக்கேன்.”

மூப்பர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தீவனம் எடுக்காத ஆட்டின் வாயில் திணித்தால் அது மூச்சடைத்துச் சாகும். அதையும் அவர் கண்டிருக்கிறார். மேசையில் இருந்த புத்தகங்களை ஒரு பக்கமாக ஒதுக்கினார். பையிலிருந்து மனைவி சுட்டுக்கொடுத்த ரொட்டியை எடுத்து, இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியைப் போதகர் முன் வைத்துவிட்டு, மறுபாதியைத் தாம் தின்னத் தொடங்கினார்.

“என்ன மூப்பரே, இதுதான் மருந்தா?”

“நோவு கண்ட ஆட்டைத் தனியா அடைக்கக் கூடாது, ஐயா. தனியா விட்டா நோவு பாதி, பயம் பாதின்னு செத்துப்போயிடும். பக்கத்துல ஒரு கிழட்டு ஆட்டைக் கட்டிப்போடுவோம். அது பாட்டுக்கு மேயும், அசை போடும். அதைப் பாத்துப் பாத்து இதுவும் ஒருநாள் வாயை வைக்கும்.”

“இங்க யாரு கிழட்டு ஆடு?”

“அந்த ஒரு வேலைக்குத்தான் எனக்குத் தகுதி இருக்குன்னு குழுவே முடிவு பண்ணிடுச்சே.”

போதகர் அன்று சாப்பிடவில்லை. அடுத்த செவ்வாயும் சாப்பிடவில்லை. மூன்றாம் செவ்வாய், மூப்பர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். மூப்பர் தொடர்ந்து சன்னலையே பார்த்தார். அந்த டிசம்பர் கடைசியில், வீட்டிலேயே, இருவரும் முழங்காலில் நின்றனர். மூப்பர் தம் நான்கு வரியைச் சொன்னார். ஐந்தாம் வரியைப் போதகர் சொன்னார். அது என்ன என்று மூப்பர் தம் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவர் மனைவி கேட்காமலும் இல்லை.

போதகர் ஊழியத்தை விடவில்லை. தம் மந்தையில் தாமும் ஒருவர் என்று மேடையிலிருந்து அவர் ஒருமுறை சொன்னபோது, சபையார் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டனர். ஆடுகளை மேய்ப்பவனுக்கும் ஒரு மேய்ப்பன் உண்டு. அந்த மேய்ப்பன் பெரும்பாலும் தன் கையை இன்னோர் ஆட்டின் வழியாகவே நீட்டுகிறான். இதை மறக்கும் சபை தன் போதகரைப் பட்டினி போடும். அதுவும் விருந்து நடக்கும் அறையிலேயே.

துணைக்குழு அறுபத்தொரு வீடுகளையும் எப்போது சந்திப்பது என்பது குறித்து நான்கு முறை கூடிப் பேசியது. 2013இல் பட்டியல் மூப்பரிடம் திரும்பி வந்தது. அவர் முன்போலவே செருப்புகளைக் குனிந்து பார்த்துக்கொண்டு சென்றார். எழுபத்தைந்தாம் வயதில் முழங்கால் ஒத்துழைக்காததால் பட்டியலைத் தாமே ஒப்படைத்தார். செவ்வாய்க்கிழமையை மட்டும் ஒப்படைக்கவில்லை. பின்னர் கைத்தடியோடு போனார். கைத்தடியும் போதாதபோது மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு போனார். அவர் மனைவி வாசலோடு நின்று, “உங்க ஆடு உயிரோட இருக்கான்னு பாத்துட்டு சீக்கிரம் வாங்க” என்பார்.

“ரெண்டுல எதைச் சொல்றீங்கம்மா?” என்று உள்ளிருந்து போதகரின் குரல் வரும்.

அந்தக் கதவை மூப்பர் கடைசியாகத் தட்டியது 2019ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12ஆம் நாள், செவ்வாய்க்கிழமை.