பன்னிரண்டு பேருக்குக் கோழித்தொடை

தேவகனி நர்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கோழித்தொடை வேண்டும். குழம்பில் கிடந்து ஊறிய தொடை அல்ல. தோல் அப்பளம் மாதிரி மொறுமொறுத்து, உள்ளே கறி பஞ்சாக இருக்கிற வறுத்த தொடை. நாசரேத்தில் பிறந்தவள். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் தம்பிகளைப் படிக்க வைத்து, ஒவ்வொருவனுக்காகக் கல்யாணம் செய்து வைத்து நிமிர்ந்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. கடற்கரையை ஒட்டிய சந்தில் இரண்டு அறை வாடகை வீடு. கோயில் ஆராதனை முடிந்து வந்து, நிதானமாகச் சமைத்து, நிதானமாகத் தின்பதுதான் அவள் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே சுகம்.

ஆனால் அந்தத் தொடை அவள் நினைத்தபடி வரவே இல்லை. அலுமினியச் சட்டியில் தோல் ஒட்டிக்கொண்டு கிழியும். மேலே கருகும், எலும்போரம் ரத்தம் நிற்கும். "கனமான இரும்புச் சட்டி வேணும்" என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எழுபத்து நான்காம் வருஷம், மாசி மாதம், பழைய இரும்புக் கடை மாடக்கண்ணு அவளைக் கூப்பிட்டான். ஒரு இரும்புச் சட்டி; சங்கு குளிக்கிற ஆட்கள் கடல் ஆழத்திலிருந்து தூக்கி வந்து போட்டதாம். தட்டையான அடி, குட்டைக் கைப்பிடி, மேலெல்லாம் சிப்பியும் சுண்ணாம்பும் அப்பிக்கிடந்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது.

"துருப் பிடிச்சு ஓட்டையாயிருக்குமே அண்ணாச்சி?"

"அதாம்மா எனக்கும் புரியல. தண்ணிக்குள்ள கெடந்த இரும்பு இப்படி இருக்காது. தட்டிப் பாருங்க, மணி மாதிரி பேசுது."

ஒரு வாரம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். தேங்காய் எண்ணெய் தடவி அடுப்பில் காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி காய்ச்சினாள். சட்டி கறுத்து மினுங்கியது.

முதல் ஞாயிறு. இளம் வெடைக்கோழியை வாட்டி மஞ்சள் பூசிக் கழுவி, தொடை இரண்டையும் உப்பும் மிளகும் தட்டிய பூண்டும் தேய்த்து வைத்திருந்தாள். சட்டி சூடேறும் முன்பே தோல் அடியில் படும்படி வைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் அம்மிக்குழவியை ஏற்றினாள். தோலில் இருந்த கொழுப்பு தானாக உருகி இறங்கியது. சடசடவென்ற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி வந்தது.

டக். டக். டக்.

கரண்டியால் சட்டி விளிம்பில் தட்டுகிற சத்தம். கரண்டி சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. சூட்டில் இரும்பு விரிகிறது என்று நினைத்துக்கொண்டே குழவியை இறக்கிப் பார்த்தாள். தொடை ஒரு இடத்திலும் ஒட்டாமல் புரண்டது. பொன்னிறம். அவ்வளவு நாளும் அவள் தேடிய பக்குவம்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. பக்குவம் வந்த அந்த நொடியில் மூன்று தட்டு. தேவகனி பயந்த சுபாவக்காரி அல்ல. ஆஸ்பத்திரியில் செத்தவர்களுக்குக் கண் மூடிக் கால் கட்டுவதெல்லாம் அவள் கைதான். 'நல்லதாப் போச்சு, கடிகாரம் பாக்க வேண்டாம்' என்று நினைத்தாள்.

மூன்றாம் ஞாயிறு, மூன்று தட்டும் கேட்டு, தொடையைப் புரட்டிப் போட்டுவிட்டுக் கை கழுவத் திரும்பினாள். நட்டநடுப் பகல். புறவாசல் கதவு தாழ் போட்டிருந்தது. அங்கிருந்து அடுப்படி நிலைப்படி வரைக்கும் சிமெண்டுத் தரையில் ஈரக் காலடிகள். விரல் அகன்ற வெறுங்கால்கள். நிலைப்படிக்கு வெளியே வந்து நின்றுவிட்டிருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை. அவள் பார்க்கப் பார்க்கவே ஈரம் காய்ந்தது. காய்ந்த இடத்தில் வெள்ளைக் கோடு நின்றது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

அன்றைக்குத் தொடை இறங்கவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டு வேதப் புத்தகத்தை மடியில் வைத்தபடி சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் சட்டியை எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஞாயிறு வந்ததும் கை தானாக அதைத்தான் எடுத்தது.

நான்காவது முறை அந்தத் தட்டுச் சத்தம் கேட்டதும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு அலறல் கேட்டது.

"நர்சம்மா! அங்கன யாரு தட்டுதது?"

பக்கத்து வீட்டு இசக்கித்தாய். உப்பளத்துக்குக் கூலிக்குப் போகிறவள். அவள் புருஷன் செல்லப்பாண்டி, கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் பண்டாரி, அதாவது சமையல்காரன். எட்டு வருஷத்துக்கு முன் புயலில் தோணியோடு போனவர்கள் பன்னிரண்டு பேர். ஒரு உடலும் கரை ஏறவில்லை. மற்றப் பெண்கள் தாலி அறுத்தார்கள். இசக்கித்தாய் மட்டும் மாட்டேனென்று சொல்லிவிட்டாள். "நான் பொணத்தப் பாத்தேனா?" என்று கேட்பாள். குங்குமத்தோடு அவள் தெருவில் போகும்போது வாய்க்குள் சிரிக்கிற ஆட்கள் உண்டு.

ஈரக்கையோடு ஓடி வந்தவள் அடுப்படிக்குள் நுழையாமல் தரையைப் பார்த்தபடி நின்றாள். இந்த முறை காலடிகள் புறவாசல் முழுக்க இருந்தன.

"நாலு வாரமாக் கேக்கேன் நர்சம்மா. எனக்குப் புத்தி பெரண்டு போச்சுன்னு நெனச்சேன். அவுகதான் இப்படித் தட்டுவாக. சாப்பாடு ஆயிட்டுன்னா மூணு தட்டு. தோணிய நடத்துத தண்டல்லேருந்து கடைசி ஆளு வரைக்கும் எல்லாரும் தின்ன வந்துருவாவ."

அவள் சட்டியைக் காட்டினாள். "கைப்பிடிக்கு அடியில மூணு வெட்டு இருக்கா பாருங்க. துறையில சட்டி மாறிப்போவுதுன்னு அவுகளே அரத்தால வெட்டுனது."

தேவகனி துணியைச் சுற்றிக் கைப்பிடியின் அடியைத் தடவினாள். ஒன்று, இரண்டு, மூன்று. தேய்த்தபோது துருவின் பள்ளம் என்று நினைத்திருந்தாள்.

"அக்கா, அப்போ இவங்க..."

"பசியா இருக்காவ" என்றாள் இசக்கித்தாய். "எங்க வீட்டுல அவுக தட்டிக் கூப்பிடுதாக, மத்த ஆளுவ வந்து நிக்காவ. தின்ன ஒண்ணுமில்ல."

தேவகனியின் சபையில் செத்தவர்களுக்குப் படைக்கிற வழக்கம் கிடையாது. போதகர் கேட்டால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க வார்டில் வெப்பமானியை உதறும்போதும் ஊசி போடும்போதும் அந்தக் காலடிகள்தான் கண்ணுக்குள் நின்றன. நிலைப்படியைத் தாண்டாமல் நின்ற கால்கள். உள்ளே வரச் சொல்லிக் காத்திருக்கிற விருந்தாளிகள் மாதிரி. வெள்ளிக்கிழமை அவளே போய் இசக்கித்தாயின் கதவைத் தட்டினாள்.

"ஆறு கோழி வேணும்க்கா. அப்பத்தான் பன்னெண்டு தொடை வரும்."

ஞாயிறு காலை அவள் கோயிலுக்குப் போகவில்லை. இருவரும் கோழிகளை வாட்டி, கழுவி, மசாலா தேய்த்தார்கள். ஒரு தடவைக்கு நாலு தொடை, மூன்று தடவை. முதல் இரண்டு தடவையும் சட்டி பேசவில்லை. தேவகனி காதைக் கொடுத்து, சத்தம் அடங்குகிற பதம் பார்த்துப் புரட்டினாள். இசக்கித்தாய் சோறு வடித்தாள். புறவாசலில் பன்னிரண்டு இலை போட்டு, ஒவ்வொன்றிலும் சோறும் ஒரு தொடையுமாக வைத்து வந்ததில் நாலு இலை பாக்கி இருந்தது. கடைசி நாலு தொடையும் முறுகியபோது அந்தச் சத்தம் விழுந்தது.

டக். டக். டக்.

இசக்கித்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். மிச்சமிருந்த இலைகளிலும் வைத்து முடித்துவிட்டு, "வாங்க, தின்னுங்க" என்றாள், யாரிடமோ சாதாரணமாகச் சொல்கிற மாதிரி. இருவரும் அடுப்படிக்குள் வந்து கதவைச் சாத்தினார்கள்.

வெளியே ஒரு சத்தமும் இல்லை. உச்சி வெயில். பங்குனிப் புழுக்கத்தில் முருங்கை மரம்கூட அசையவில்லை. கதவின் அடி இடுக்கு வழியாக ஈரக்காற்று மட்டும் வந்து அவர்கள் கால்விரல்களைத் தொட்டது. பழைய கயிறும் பாசியும் நாறுகிற காற்று. தேவகனி வாய்க்குள் ஜெபம் சொன்னாள். பாதியில் வார்த்தை மறந்து போயிற்று.

கால் மணி நேரம் கழித்துத் திறந்தார்கள்.

பதினோரு இலைகள் மடிந்திருந்தன. திருப்தியாகச் சாப்பிட்டு எழுந்தவர்கள் மடிக்கிறபடி, உட்பக்கமாக. தேவகனி ஒன்றைப் பிரித்தாள். சோறும் தொடையும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரமே ஆன தொடை, ஐஸில் வைத்த மீன் போலச் சில்லென்றிருந்தது. மற்ற பத்தும் அப்படியே.

பன்னிரண்டாவது இலை மட்டும் விரிந்து கிடந்தது. அதில் சோறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"அவுக எல்லாரும் தின்ன பெறவுதான் உக்காருவாக" என்றாள் இசக்கித்தாய். "மறுபடி சாத்துவோமா?" என்று தேவகனி கேட்டதற்குத் தலையை ஆட்டி மறுத்தாள். இலைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தொடையை எடுத்துத் தோலைக் கடித்தாள். அந்த மொறுமொறுப்பு தேவகனிக்குத் தெளிவாகக் கேட்டது. ஒரு பருக்கை விடாமல், எலும்பைச் சப்பி, அழுதுகொண்டே தின்றாள். முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடித்தாள்.

"வீட்டுக்காரர் எலையில பொண்டாட்டிதான தின்னணும்" என்றாள். பிறகு எழுந்து கிணற்றடிக்குப் போய், எட்டு வருஷமாக ஊரே சொல்லியும் கழற்றாத தாலியை, யாரும் சொல்லாமல், தானே கழற்றினாள்.

இலைகளைக் கடலில் கொண்டு போய்ப் போட்டார்கள். கரையில் அவ்வளவு காக்கை இருந்தது. ஒன்றும் கிட்டே வரவில்லை.

சித்திரையில் இசக்கித்தாய் ஓட்டப்பிடாரத்தில் இருந்த மகள் வீட்டுக்குப் புறப்பட்டாள். சட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு, "ஒங்க அடுப்புலதான அவுகளுக்குச் சோறு கெடச்சுது, ஒங்ககிட்டயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு தட்டு கேட்கவில்லை. தேவகனி ஞாயிறு தவறாமல் வறுத்தாள். பதம் அவள் காதுக்கே பழகிவிட்டது. தம்பி ஜெபசீலன் ஒரு தடவை குடும்பத்தோடு வந்தபோது, தொடையைக் கடித்துக்கொண்டே, "எப்படிக்கா இவ்வளவு மொறுமொறுன்னு வருது?" என்று கேட்டான்.

"இரும்பு நல்ல கனம்லா" என்று சொல்லி அவன் இலையில் இன்னொன்று வைத்தாள்.